கைராசிக்கு யார் அனுமதி கொடுப்பது?

போன செவ்வாய்க்கிழமை ஓர் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். "பெரிய டாக்டரு கத்தி புடிக்கலாமா வேணாமான்னு சொல்ல நீ யாரும்மா? உனக்கு ஊசி போடத் தெரியுமா?"

தெரியாது. நான் படித்தது பயோமெடிக்கல் எஞ்சினியரிங். வேலை, வில்லியனூர் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையின் தரப் பிரிவில்.

எந்த டாக்டர் எங்களிடம் எந்தச் சிகிச்சையைச் செய்யலாம் என்று ஒரு கமிட்டி முடிவு செய்யும். பட்டம் மட்டும் போதாது. என்ன பயிற்சி, சமீபத்தில் எவ்வளவு செய்தார், நோயாளிகள் எப்படித் தேறினார்கள்... எல்லாம் பார்த்துத்தான் அனுமதி. சில வருடங்களுக்கு ஒருமுறை மறுபடியும் பார்ப்பார்கள். அந்தக் கமிட்டிக்கு ஃபைல் சுமப்பவள் நான்.

'உங்களுக்கு என்னென்ன அனுமதி வேண்டும்?' என்று டாக்டர்களிடம் கேட்டுப் பாருங்கள். பஃபேயில் தட்டு கொடுத்த மாதிரிதான். எங்கள் தோல் டாக்டர் சிசேரியனுக்கும் டிக் போட்டிருந்தார். "சார்?" என்றேன். "இருக்கட்டுமேம்மா... ஒரு ஓரமா கெடக்கட்டும்" என்றார்.

நேர்மாறாக இருந்தவர் ஒருவர்தான். பெரிய டாக்டர். பாகூர் கொம்யூன் கிராமங்களில் பாதிப் பேருடைய வயிற்றைத் திறந்து மூடியவர். இந்த முறை கமிட்டியில் அவரே சொல்லிவிட்டார். "கண்ணு முன்ன மாதிரி இல்லப்பா. ஓ.பி. பாக்குறேன். ஆபரேஷன் வேணாம்." கமிட்டி ஏற்றுக்கொண்டது. இதை ஊருக்கு யார் சொல்வது? யாரும் சொல்லவில்லை!

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் ஏம்பலத்திலிருந்து கலியபெருமாள் வந்து இறங்கினார். கரும்பு போடுகிறவர். வருடக்கணக்கில் வேட்டிக்குள் ஒளித்து வைத்திருந்த குடலிறக்கம் காலையில் சிக்கிக்கொண்டுவிட்டது. உள்ளே தள்ள முடியவில்லை. வாந்தி வேறு. ரத்த ஓட்டம் நின்றால் குடல் அழுகிவிடும் — உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும்.

எங்கள் புது சர்ஜன் டாக்டர் ஸ்டெல்லா தயாராக இருந்தார். இதே ஆபரேஷனை அரசு மருத்துவமனையில் சலிக்கச் சலிக்கச் செய்துவிட்டு வந்தவர்.

கலியபெருமாள் முனகலுக்கு நடுவே தெளிவாகச் சொன்னார். "பெரிய டாக்டரு பண்றதுன்னா பண்ணட்டும். இல்லாட்டி என்னை வூட்டுக்கு இட்டுக்கினு போங்க."

அவர் மனைவி அஞ்சலை ஸ்டெல்லாவை ஏற இறங்கப் பார்த்தார். "பொண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க மாமனாரு, நாத்தனாரு, நானு... எல்லாத்துக்கும் பெரிய டாக்டரு கைதான். இதுக்குக் கைராசி இருக்குமா?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். அவர் ஃபைலில் எல்லாம் இருக்கிறது... கைராசி மட்டும் இல்லை.

நிர்வாகி என் காதோரம் வந்தார். "ஒரு தடவைதானேம்மா. பெரிய டாக்டர் பேரையே போட்டுடு."

"முடியாது சார். அவரே வேண்டாம்னு சொல்லிட்டார்."

இது அஞ்சலை காதில் விழுந்தது. மேலே படித்தீர்களே, அந்தக் கேள்வி அப்போது வந்ததுதான்.

நல்ல வேளை, பெரிய டாக்டரே ஓ.பி.யிலிருந்து வந்துவிட்டார். "கலியபெருமாளு, எனக்குக் கண்ணு மங்கிப்போச்சுடா. வேற எதையாவது வெட்டிடப் போறேன்."

"இன்னா டாக்டரு... நீங்க கண்ண மூடிக்கினு வெட்டினாலும் கரீட்டா இருக்கும்."

"எனக்கு இருக்கும்டா. உனக்கு இருக்கணுமே!"

கலியபெருமாள் அசையவில்லை. ஸ்டெல்லாதான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "சார், நீங்க உள்ள வந்து நில்லுங்க. நான் பண்றேன்."

அஞ்சலை யோசித்தார். "நிப்பீங்களா டாக்டரு?"

"நிக்கிறேன்."

"கை?"

"மொதல்ல அவன் வயித்து மேல வைக்கிறேன். அப்புறம் கட்டிக்கினு நிக்கிறேன். போதுமா?"

கலியபெருமாள் கையெழுத்துப் போட்டார். நான் ஓடிப்போய் விதிகளைப் புரட்டினேன். நிற்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

குடலில் இன்னும் உயிர் இருந்தது. வெட்டி எடுக்க வேண்டிய அவசியம் வரவில்லை. ஸ்டெல்லா உள்ளே தள்ளித் தைத்துவிட்டார். பெரிய டாக்டர் வெளியே வந்து, "எல்லாம் அந்தப் பொண்ணு பண்ணதுதான். நான் தூணு மாதிரி நின்னேன்" என்றார்.

"நின்னீங்க இல்ல... அது போதும்" என்றார் அஞ்சலை.

எனக்கு எரிச்சல்தான். வேலை செய்தது ஒருவர், பேர் இன்னொருவருக்கா? அப்புறம் யோசித்தேன். எங்கள் கமிட்டி மட்டும் என்ன செய்கிறது? புதிதாக வருகிறவரின் முதல் சில ஆபரேஷன்களுக்கு மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் தலையாட்டினால்தான் முழு அனுமதி. ஸ்டெல்லாவும் அப்படித் தேறியவர்தான். நாங்கள் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்து, மூன்று கையெழுத்து வாங்குகிறோம். ஏம்பலத்துக்காரர்கள் ராசி என்கிறார்கள்.

டிஸ்சார்ஜ் அன்று, வராண்டாவில் அஞ்சலை செலியமேட்டிலிருக்கும் தங்கையிடம் போனில் கத்திக்கொண்டிருந்தார். "பித்தப்பைக் கல்ல வச்சிக்கினு இன்னும் எத்தினி நாளுடி அழுவ? கெளம்பி வா. இங்க ஸ்டெல்லாம்மான்னு ஒண்ணு இருக்கு. கைராசியான பொண்ணுடி!"

ஸ்டெல்லா விஷயத்தில் இதை முடிவு செய்ய எங்கள் கமிட்டி இரண்டு முறை கூடியது. பிஸ்கட் செலவு தனி.