ராதிகா எழுந்திருக்கவில்லை

ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் ராதிகாவைத் தெரியாதவர்கள் கிடையாது. தண்ணீர் லாரி வராத நாளில் லாரிக்காரனுக்கு முதல் போன் போடுகிறவள் அவள்தான். லிஃப்டில் நாயை ஏற்றலாமா கூடாதா என்று ஊரே சண்டை போட்டபோது நாய் பக்கம் நின்ற ஒரே ஆள். கரூர்க்காரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்ப் கம்பெனிக்குச் சாமான் வாங்கிப் போடுகிற வேலை, நாள் முழுக்கப் பேரம். வாய் நீளம் என்பார்கள். நீளம்தான், அதை யார் இல்லையென்றார்கள்?

புருஷன் சரவணக்குமார் போன பிறகாவது அந்த வாய் அடங்கும் என்று பலபேர் எதிர்பார்த்தார்கள். அவர்கள் எதிர்பார்ப்பில் மண்தான் விழுந்தது.

சரவணக்குமாருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், கடைசி இரண்டு வருஷம் பூந்தமல்லியில் டயாலிசிஸ். மெஷின் ஓடும் நேரத்தை எப்படி ஓட்டுவது? கட்டில் மேஜையை இழுத்துப் போட்டு இருவரும் போக்கர் ஆடினார்கள். பணம் கிடையாது. தையல்காரர் ஷவுகத் அலி பாய் கொடுத்த ஒரு டப்பா மிச்சப் பட்டன்தான் பந்தயம். அவன் ஒரு கையில் ஊசி இருக்கும், அதனால் சீட்டைக் கலைப்பது எப்போதும் ராதிகா. ஜெயிப்பதும் பெரும்பாலும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றாவது மாடி ஜெயராமன் வீட்டில் நண்பர்களோடு ஆடும்போது, "வீட்ல என்னை உரிச்சு எடுத்துடறா" என்று அவன் சொல்வான். அவர்கள் சிரிப்பார்கள். நல்ல புருஷன், பெண்டாட்டியைப் பெருமையாகப் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

பட்டன் டப்பாவை அவனே ஜெயராமன் வீட்டில் கொடுத்து வைத்திருந்தான். ஜன்னலோரம் இருந்த கைவைத்த நாற்காலி அவனுடையது. ஒரு வருஷம் அது காலியாகக் கிடந்தது.

வருஷத் திதி முடிந்து சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ராதிகா மாடியேறிப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மேஜையில் மூன்று பேர். குடியிருப்புச் சங்கத் தலைவர் ஜெயராமன், குமணன்சாவடியில் பிறந்து வளர்ந்த ஜஸ்டின், ஐடி கம்பெனிப் பையன் நிர்மல். மூவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"சுகந்தி உள்ளதான் இருக்கா, போய்ப் பேசிட்டிருங்கம்மா" என்றார் ஜெயராமன். சுகந்தி அவர் மனைவி.

"நான் சுகந்தியைப் பாக்க வரலை சார். ஆட வந்திருக்கேன்."

ஜஸ்டின் தலையைச் சொறிந்தான். "இல்ல அண்ணி, அந்த நாற்காலிக்கு அடுத்த வாரத்துலேந்து என் மச்சான வரச் சொல்லிக்கீறேன். ஆளு ரெடியா கீறான்."

"அடுத்த வாரம்தானே. இன்னிக்கு நான் இருக்கேன்."

ஜெயராமன் தொண்டையைச் செருமினார். "நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்கம்மா. அவர் போய் இப்பதான்..."

"பேசட்டும் சார். எனக்கும் வாய் இருக்கு."

ஜெயராமன் அதோடு விடவில்லை. மேஜையின் பழைய வழக்கத்தை எடுத்தார். புதிதாக வருகிறவர் முன்னால் டீ வரும்போது பட்டன் மிச்சமிருக்க வேண்டும். அதற்குள் காலியானால் அந்த இடம் கிடையாது. பாவம், அரைமணியில் காலியாகிக் கீழே போய்விடுவாள் என்று கணக்குப் போட்டார். ராதிகா சரி என்றாள். பட்டனை ஆளுக்குச் சமமாகப் பிரித்தார்கள்.

ஆட்டம் சிக்கலானதில்லை. ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு மேஜையில் திறக்கும். இரண்டையும் சேர்த்து யாரிடம் நல்ல ஜோடி, நல்ல கூட்டு என்பதுதான் விஷயம். ஒவ்வொரு சீட்டாகத் திறக்கத் திறக்க பந்தயம் ஏறும். வேண்டாமென்றால் கையிலிருக்கிற சீட்டைக் கீழே போட்டு விலகிவிடலாம்.

அங்கேதான் இந்த மூன்று பேரிடமும் ஒரு கோளாறு இருந்தது. மூவரும் ரம்மியில் ஊறியவர்கள். ரம்மியில் பாதியில் டிராப் செய்தால் தலையில் பாயிண்ட் ஏறும். அதனால் ஒட்டாத சீட்டை வைத்துக்கொண்டு கடைசிவரை இழுப்பார்கள். அந்தப் பழக்கத்தை அப்படியே போக்கருக்கும் கொண்டுவந்து விட்டார்கள். குப்பை சீட்டானாலும் ஒருத்தரும் லேசில் கீழே போடமாட்டார். இப்படிப்பட்டவர்களிடம் ஒன்றே ஒன்று செய்ய வேண்டும். நல்ல சீட்டு வரும்வரை பொறுமையாகச் சீட்டைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், வந்ததும் கூசாமல் பெரிதாக வைக்க வேண்டும். நல்ல சீட்டில்லாமல் பெரிதாக வைத்துப் பயமுறுத்திப் பார்க்கவே கூடாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இதைப் பேசிப் பேசிச் சிரித்த இரண்டு பேரில் ஒருத்தி அவள்.

ஆனால் கோபம் வந்தால் படித்ததெல்லாம் எங்கே நிற்கிறது?

நாலைந்து ஆட்டம் அவள் சீட்டைப் போட்டுக்கொண்டே வந்தாள். "இன்னா அண்ணி, எல்லாத்தையும் போட்டுகினே கீறீங்க" என்று ஜஸ்டின் சிரித்தான். அது பரவாயில்லை. ஜெயராமன் நிர்மல் பக்கம் சாய்ந்து, "துக்கத்துல இருக்கறவங்க, ஏதோ பொழுது போகட்டும்" என்றார் மெல்ல. மெல்லச் சொன்னால் கேட்காதா? ராதிகாவுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை ஏறியது. கையில் ஒன்றுமேயில்லை. இருந்தும் தன் பட்டனில் பாதியை அள்ளி நடுவில் தள்ளினாள், பயந்து ஓடட்டும் என்று.

ஜெயராமன் சீட்டைக் கீழே போட்டுவிட்டார். நிர்மலும் போட்டான். ஜஸ்டின் மட்டும் அதே அளவு பட்டனை வைத்துக் கூட வந்தான். அவனிடம் இருந்தது வெறும் ஒரு ஜோடி, இரண்டு நாலு.

"ரெண்டு நாலை வச்சுக்கிட்டா வந்தே?" என்று கேட்டேவிட்டாள்.

"ஜோடி கீதுல்ல அண்ணி" என்றான் அவன் வெள்ளந்தியாக.

தப்பு தன்னுடையதுதான். பயம் என்றால் என்னவென்றே தெரியாதவனைப் பயமுறுத்தப் போனாள். ராதிகா பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி காத்திருந்தாள். சீட்டு வரும், பார்ப்பாள், போடுவாள். மற்ற மூவரும் ஒருவர் பட்டனை ஒருவர் மாற்றி மாற்றி வாரிக்கொண்டிருந்தார்கள். அன்று ஜஸ்டின் கை ஓங்கியிருந்தது. ஜெயராமன் முன்னாலும் கடைசியில் ராதிகாவிடம் இருந்த அளவுக்குத்தான் மிச்சம்.

உள்ளே பால் பொங்குகிற வாசனை வந்தபோது அவள் கைக்கு இரண்டு ராஜா வந்தது.

கூசாமல் வைத்தாள். ஜஸ்டினும் நிர்மலும் சிரித்துக்கொண்டே வந்தார்கள், ஜெயராமனும் வந்தார். மேஜையில் முதல் மூன்று சீட்டு திறந்தது. ஒரு ராஜா, ஒரு ஒன்பது, ஒரு நாலு. அவள் இன்னும் பெரிதாக வைத்தாள். நிர்மல் போட்டான், ஆச்சரியமாக ஜஸ்டினும் போட்டுவிட்டான். ஜெயராமன் மட்டும் வந்தார். அடுத்த சீட்டு ஏழு. மிச்சமிருந்த எல்லாவற்றையும் நடுவில் தள்ளினாள். அவள் முன்னால் மேஜை காலி.

ஜெயராமன் தன் சீட்டைப் பார்த்தார், நடுவிலிருந்த குவியலைப் பார்த்தார். இவ்வளவு பட்டன் வைத்த பிறகு பாதியில் டிராப் செய்வதா? ரம்மி அவரை விடவில்லை. அவரும் எல்லாவற்றையும் தள்ளினார்.

அந்த நேரம் பார்த்து சமையலறையிலிருந்து சுகந்தியின் குரல். "ராதிகா, டம்ளர் எடுக்கக் கொஞ்சம் வாங்களேன்."

ஜெயராமன் முகம் மலர்ந்தது. "போங்கம்மா, ஒரு கை குடுத்துட்டு வாங்க."

ஆட்டத்தின் நடுவில் எழுந்தவர் கை செத்த கை, அந்தச் சீட்டு கணக்கில் வராது. அதுவும் அந்த மேஜையின் வழக்கம்தான், ராதிகாவுக்கு அது தெரியாது என்று நினைத்தார். எத்தனை விசேஷத்தில், எத்தனை பந்தியில், இப்படி ஒரு குரல் வந்ததும் பாதியில் எழுந்து போயிருக்கிறாள். கால் பழக்கத்தில் அசையக்கூடச் செய்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த ஆட்டம் முடியட்டும் சார். கடைசிச் சீட்டைத் திறங்க."

"டீ வந்துகினே கீது அண்ணி. உங்க முன்னால ஒண்ணும் இல்லியே" என்றான் ஜஸ்டின்.

"இன்னும் வரலையே."

நிர்மல் கடைசிச் சீட்டைத் திறந்தான். இரண்டு. ஜெயராமன் ஒரு ஏஸையும் ஒன்பதையும் காட்டினார். மேஜையிலிருந்த ஒன்பதோடு ஒரு ஜோடி. ராதிகா தன் இரண்டு ராஜாவை மேஜையிலிருந்த ராஜாவின் பக்கத்தில் வைத்தாள், மூன்று ராஜா. பட்டன் குவியலை இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சரவணக்குமார் எண்ணி எண்ணிக் கொடுத்த அதே பட்டன்கள். அழட்டும் என்று காத்திருக்கிறவர்கள் முன்னால் அழ அவள் தயாராக இல்லை.

"ராதிகா" என்று மறுபடி சுகந்தி கூப்பிட்டாள்.

"சார்தான் காலியா இருக்கார் சுகந்தி. அவரை அனுப்பறேன்."

உள்ளே களுக்கென்று ஒரு சிரிப்புக் கேட்டது. ஜெயராமன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து சமையலறைக்குப் போனார்.

ஜஸ்டின் சீட்டுக்கட்டைக் கையில் எடுத்தான்.

"இங்க குடு. கலைக்கறது எப்பவும் நான்தான்."

கொடுத்துவிட்டு அவன் தயங்கினான். "மச்சான்கிட்ட இன்னா அண்ணி சொல்றது?"

ராதிகா சீட்டைக் கலைத்தபடியே சொன்னாள். "நாற்காலி எடுத்துட்டு வரச் சொல்லு."