விலிமைனாவிடம் இல்லாத இரண்டு லேப்டாப்கள்

லம்பாசா தேங்காய்க் கூட்டுறவில் இசிகேலிக்குப் பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. கிளைகள் இருபத்தெட்டு, தீவுகள் நான்கு, கம்ப்யூட்டர் பார்க்க அவன் ஒருவன். பிரிண்டர் மக்கர் செய்தாலும் அவன்தான், மேலாளர் மகளின் போன் தண்ணீரில் விழுந்தாலும் அவன்தான். ஐம்பத்து மூன்று வயதில் படகில் ஏறி இறங்கி முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. அலுப்பு அவன் உடம்பிலேயே குடியிருந்தது.

அந்த ஏப்ரலில் மேலாளர் விரேந்திரா அவனைக் கூப்பிட்டார்.

"எந்தக் கிளையில எத்தனை லேப்டாப், எத்தனை டெஸ்க்டாப்? திங்கக்கிழமைக்குள்ள கணக்கு வேணும்யா."

"நேர்ல போய்ப் பார்த்தா ரெண்டு மாசம் ஆகும் சார்."

"அதுக்குத்தானே நீ கம்ப்யூட்டர் படிச்சே?"

பேச்சுக்குக் குறைச்சலே இல்லாத மனிதர். இசிகேலி உட்கார்ந்து எட்டு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினான். நெட்வொர்க் லைன் வழியாக ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் போய், நீ எந்த வகை என்று அதனிடமே கேட்டுவரும். கம்பெனியில் செய்த கம்ப்யூட்டர்கள் ஒழுங்காகப் பதில் சொல்லின. உள்ளூர்க் கடையில் பாகம் பாகமாகப் பூட்டியவை எல்லாம் ‘தெரியாது’ என்று கைவிரித்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் துருவ அவனுக்குத் தெம்பில்லை. பேட்டரி இருந்தால் லேப்டாப், இல்லாவிட்டால் டெஸ்க்டாப் என்று ஒன்பதாவதாக ஒரு வரியைச் சேர்த்தான். அரை மணியில் பட்டியல் வந்துவிட்டது. அன்று வெயில் இருக்கும்போதே வீட்டுக்குப் போனான்.

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தணிக்கைக்காரர் தவேயுனித் தீவுக் கிளைக்குப் போனார். அங்கே இரண்டு லேப்டாப் என்று போட்டிருந்தது. மேசைமேல் இருந்ததோ உள்ளூர்க் கடையில் பூட்டிய இரண்டு பழைய டெஸ்க்டாப்கள். பன்னிரண்டு வருடமாக அந்தக் கிளையைத் தனியாளாக நடத்திவந்த விலிமைனா, "எங்கிட்ட லேப்டாப்பே வந்ததில்ல ஐயா" என்று எத்தனை தடவை சொன்னாலும் எடுபடவில்லை. லேப்டாப்பை விற்றுத் தள்ளிவிட்டு ஓட்டைப் பெட்டிகளை வைத்திருக்கிறாள் என்று எழுதி அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். விசாரணை முடிந்தால் வேலை போகும், அத்தோடு பெயரும் போகும்.

இது இசிகேலியின் காதுக்கு வரவே மூன்று வாரம் ஆயிற்று. அவளேதான் போன் செய்தாள்.

"அண்ணே, ஊர்ல என் பையன் ஸ்கூல் பையைத் திறந்து பார்க்கிறாங்க அண்ணே. அந்த மெசின்லாம் நீதானே வந்து மாட்டினே? கரண்டு போனா கீ கீன்னு கத்துமே, அந்தப் பெட்டியோட சேர்த்து..."

தவேயுனியில் கரண்டு நினைத்தபோது போகும். போன புயலுக்குப் பிறகு அந்தக் கிளைக்கு மட்டும் யு.பி.எஸ் கொண்டுபோய், கரண்டு போனால் கம்ப்யூட்டர் தானாக அணையட்டும் என்று, ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் அதோடு ஒயரால் இணைத்தவன் அவனேதான். யு.பி.எஸ்ஸின் பேட்டரியைத் தன் பேட்டரியாகக் கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டது, கேட்டதும் இருக்கிறது என்றது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

விரேந்திரா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, சிஸ்டம் கோளாறுன்னு எழுதி முடிச்சிடு" என்றார்.

"கோளாறு என்னுது சார்."

"ஜூன்ல உன் கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும். ஞாபகம் இருக்கட்டும்."

இருந்தது. இருந்தும், தவறு என்னுடையது என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவளை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டுக் கடிதம் போயிற்று. ஆனால் ஒரு பெண்ணைத் திருடி என்று சொல்லவைத்துவிட்டுக் கடிதத்தோடு நின்றுவிடுவது அந்த ஊர் வழக்கமில்லை. சனிக்கிழமை, மன்னிப்புக் கேட்கப் போகிறவர் கொண்டுபோகும் யங்கோனா வேர்க்கட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ் ஏறி, படகு மாறி தவேயுனிக்குப் போனான்.

விலிமைனா வீட்டுப் பாயில், வாசலோரமாக, வலிக்கிற முழங்காலை மடக்கி உட்கார்ந்தான். வேர்க்கட்டை முன்னால் வைத்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

"தப்பு பண்ணிட்டேன். உங்க வீட்டுப் பேரைக் கெடுத்துட்டேன். பொறுத்துக்கணும்."

அவள் புருஷன் வைசாகே வேரைத் தொடக் கையை நீட்டினான். தொட்டுவிட்டால் மன்னித்ததாக அர்த்தம். அதன்பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது.

"கொஞ்சம் இரு" என்றாள் விலிமைனா. "தொட்டுட்டா நான் கேக்க முடியாது. முதல்ல கேட்டுடறேன்."

வைசாகே கையை இழுத்துக்கொண்டான்.

"பன்னெண்டு வருசமா என்னைத் தெரியும். வரும்போதெல்லாம் இந்த வீட்டுலதான் சாப்பிட்டே. அந்தப் பட்டியலைக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு, ‘விலி, உன்கிட்ட லேப்டாப் இருக்கா’ன்னு கேட்டிருக்கலாமே அண்ணே? மெசின்கிட்டல்லாம் கேட்டியே!"

இசிகேலி வாயைத் திறந்தான். களைப்பாக இருந்தது என்பதுதான் உண்மை. அதை எப்படிச் சொல்வது?

அவள் தலையசைக்க, வைசாகே வேரைத் தொட்டு மூன்று முறை கை தட்டினான். விஷயம் முடிந்தது. இனி அவன் சொல்ல நினைத்தாலும் அவள் கேட்கமாட்டாள்.