உள்ளளவு எழுதாத வரைபடம்

1. ஆயுத பூசைக்கு முந்தின வாரம், சங்கரன்கோவிலில் அண்ணனின் லேத் பட்டறையில், என் ஏர் ரைஃபிளின் குழலைக் கடைந்து மெலிதாக்கினோம்.
2. பூசைக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள்.
3. மாநில அணிக்கான தேர்வில் தோற்றேன்.
4. தோற்றதற்குக் காரணம் அந்தக் குழல்தான் என்பதை ஒரு வாரம் கழித்துக் கண்டுபிடித்தேன். அண்ணனிடம் சொல்லவில்லை.
5. என்னோடு சுடுகிற புளியங்குடித் தோழி, தன் குழலையும் அதேபோல் கடைந்து தரும்படி அண்ணனிடம் கேட்டாள். வெள்ளிக்கிழமை கொண்டுவரச் சொன்னான்.

அண்ணன் விசைத்தறிகளுக்குக் கெட்டி இரும்புத் தண்டு, ஷாஃப்ட், கடைகிறவன். நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு அவன் பட்டறைக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிறேன். ஆயுத பூசைக்கு எல்லாக் கருவிகளையும் எண்ணெய் போகத் துடைத்து, எமரி பேப்பரால் தேய்த்து, வரிசையாக வைப்போம். போன வருடம் என் துப்பாக்கியையும் வைத்தோம். கறுப்பாக, அடி முதல் நுனி வரை ஒரே தடிமனாக, அந்தப் பளபளப்புக்கு நடுவே அது மட்டும் ஒட்டாமல் கிடந்தது.

“ஏட்டி, இது துப்பாக்கியா உலக்கையா? இந்த வருசம் கொஞ்சம் சீவி விட்டுருவோம்” என்றான் அண்ணன்.

எனக்கும் ஆசைதான். நின்று சுடும்போது முன்பக்கக் கனத்தில் இடது தோள் கடுக்கும். வரைந்து கொடுத்தேன். பின்பக்கம் தடித்து, முனையை நோக்கிச் சீராக மெலியும் வடிவம். அரை நாளில் முடித்துவிட்டான். சந்தனமும் குங்குமமும் வைத்தபோது, அதற்காகவே பிறந்த பொருள் மாதிரி இருந்தது. பக்கத்துப் பட்டறை அண்ணாச்சி தன் லேத்தை விட்டுவிட்டு அதோடு போட்டோ எடுத்துக்கொண்டார்.

தடித்த குழலுக்கு ஒரு வேலை உண்டு. அதன் கனம் முன்பக்கத்தைப் பதறாமல் நிறுத்தி வைக்கும். மெலிந்ததும் என் நாடித் துடிப்புகூட முனையில் தெரிந்தது. பழகிவிடும் என்று நினைத்தேன். பயிற்சியில் குண்டுகள் சிதறின. நோட்டில் காரணங்களை எழுதினேன்: தூக்கம், மூச்சு, கால் வைக்கும் இடம், பயம். குழல் அந்தப் பட்டியலில் இல்லை.

தேர்வு முடிந்து பெயர்களை ஒட்டினார்கள். இரண்டு முறை படித்தேன். பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, உள்ளே எல்லாம் அப்படி இருந்தது. தொட்டால் தெரிந்தது, வலிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துக் குழலைத் துடைக்கும்போது, ஒரு ஈயக் குண்டை உள்ளே விட்டுக் குச்சியால் மெல்லத் தள்ளினேன். வழக்கமாக முனைக்கு ஒரு விரல் தூரத்தில் அது இறுகும். குண்டு அலையாமல் வெளியேறட்டும் என்று செய்தவர்கள் அந்த இடத்தில் மயிரிழை அளவு குறுக்கியிருப்பார்கள். இந்த முறை இறுகவில்லை. வழுக்கிக்கொண்டு வந்து மடியில் விழுந்தது.

அந்தக் குறுகலைப் பிடித்து வைத்திருந்தது வெளியே இருந்த தடிமன். அதைச் சீவியதும் உள்ளே விரிந்துவிட்டது. ஷாஃப்ட் கடைகிறவனுக்கு இது தோன்றாது. ஷாஃப்டுக்கு உள்பக்கம் கிடையாது. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். ஆறு இடங்களில் வெளியளவு. உள்ளளவு ஓரிடத்தில்கூட இல்லை. கீழே என் கையெழுத்து.

சொன்னால், அணியில் என் இடத்தைக் கெடுத்தது தன் கைதான் என்று அண்ணன் எடுத்துக்கொள்வான். ஆகவே சொல்லவில்லை. அதே வீட்டில் அவனுக்குத் தோசை ஊற்றினேன்.

வெள்ளிக்கிழமை, எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடியிலிருந்து தோழி வந்தாள், குழலைத் துண்டில் சுற்றிக்கொண்டு.

“புளியங்குடிக்காரி எலுமிச்சம்பழம் கொண்டாராம இரும்பக் கொண்டாந்திருக்கா, பாரு” என்றான் அண்ணன்.

“நல்லா வந்தா ஒரு மூடையே தாரேன் அண்ணே. உங்க தங்கச்சிது மாதிரி இருக்கணும்.”

“அதவிட நல்லா வரும். மொதல்ல செஞ்சது கை பழக.”

குழலை லேத்தில் பூட்டினான். சுவிட்சில் கை வைத்தபோது, “அண்ணே, போடாத” என்றேன்.

“என்னட்டி?”

என் குழலையும் குச்சியையும் இரண்டு குண்டுகளையும் கொடுத்தேன். “மொதல்ல அவ பேரல்ல தள்ளு. பெறகு என்னுதுல.”

தோழியின் குழலில் தள்ளினான். கடைசியில் இறுகியது; அழுத்தி வெளியே எடுத்தான். என்னுடையதில் தள்ளினான். குண்டு நழுவித் தரையில் விழுந்தது. அவன் கைக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மறுபடியும் ஒரு முறை தள்ளிப் பார்த்தான்.

“அப்போ செலக்சன்ல…” என்று தோழி தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

“எப்பத்துல இருந்து தெரியும்?” என்றான் அண்ணன்.

“ரெண்டு வாரமா.”

“ரெண்டு வாரமா எனக்குத் தோச ஊத்திப் போட்டிருக்க.”

“ட்ராயிங் நாந்தான போட்டேன். உள்ளளவு எழுதல.”

“கடஞ்சது நாந்தான” என்றான். தோழியின் குழலைக் கழற்றித் துடைத்து, அதே துண்டில் சுற்றி அவளிடம் கொடுத்தான். “இது உலக்கையாவே இருக்கட்டும் பிள்ள. தொடாத” என்றான். அவள் மதிய பஸ்ஸுக்குப் போனாள். அவன் ஒரு தறி ஷாஃப்டை மாட்டி வேலையைத் தொடர்ந்தான்.

இப்போது நிலைமை இது. தோழி அதே தடித்த குழலில் சுடுகிறாள். என்னுடையது பட்டறை அலமாரியில், பார்க்க அழகாக இருக்கிறது. அடுத்த தேர்வுக்கு என்னிடம் குழல் இல்லை. அண்ணன் வீட்டில் என்னோடு பேசுகிறான். தோசை மட்டும் தானே ஊற்றிக்கொள்கிறான்.