கீழே இறங்கவும் வழி வைத்தவர்

எங்கள் சுரங்கத்தில் யாருக்கு எந்த ஷிப்ட் என்று அட்டவணை போடுகிற எழில்மதி கான்ட்ராக்ட் ஊழியர். இருநூறு பேருக்கு அவர் போடும் அட்டவணையில் ஆளுக்கு ஒரு நியாயம் என்று யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. கல்லூரி நாளில் கால்பந்து ஆடியவர்.

நாட்டின் பெரிய கால்பந்து லீக் தொடங்குமா என்றே தெரியாமல் தள்ளிப்போன வருஷம், கேன்டீனில் எல்லோரும் புலம்பினோம். அவர் மட்டும் உட்கார்ந்து எழுதினார். நாட்டை ஆறு மண்டலமாகப் பிரிப்பது. பக்கத்து ஊர் அணிகள் முதலில் ரயிலிலேயே போய்வந்து ஆடுவது. மண்டலத்தில் முந்துகிறவர்கள் தேசியச் சுற்றுக்குப் போவது. கடைசியாக வருகிற அணி யாருடையதானாலும் கீழே இறங்க, கீழே முதலில் வருகிற அணி எவ்வளவு சின்ன ஊரானாலும் மேலே ஏறுவது. பதினோரு பக்கம் எழுதிக் கால்பந்துக் கூட்டமைப்புக்கு அனுப்பினார். பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி பதில் வந்தது.

அதோடு அவர் நிற்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் எட்டு அணிகளைச் சேர்த்து, மேல் பிரிவு நான்கு, கீழ்ப் பிரிவு நான்கு என்று அதே திட்டத்தை நடத்திப் பார்த்தார். சுரங்கக் குடியிருப்பான டவுன்ஷிப்பின் அணி நாங்கள், மேலே இருந்தோம். பெர்மனென்ட் ஆட்கள், சொந்த மைதானம். குள்ளஞ்சாவடி அணி கீழே; பாதிப் பேர் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள்.

கடைசி ஆட்டத்தில் நெல்லிக்குப்பத்திடம் தோற்றோம். மூன்றாவது கோல் என் காலிடுக்கில் போனது, நான்தான் கோல்கீப்பர். நாங்கள் கடைசி. குள்ளஞ்சாவடி கீழ்ப் பிரிவில் முதலிடம்.

எங்கள் அணியின் மேலாளர் சிவப்பிரகாசம், வேலையிலும் எழில்மதிக்கு மேலே இருப்பவர். என்னையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போனார். இந்த ஒரு வருஷம் மேலே ஐந்து அணியாக வைத்துக்கொள்ளலாம், யாரும் இறங்க வேண்டாம் என்றார். நானும் தலையாட்டினேன்.

எழில்மதி எழுதிக்கொண்டிருந்த ஷிப்ட் அட்டவணையிலிருந்து நிமிர்ந்தார். "உங்களுக்காக இன்னிக்கு மாத்தினா, அப்புறம் யாரும் இத நம்பி ஆட மாட்டாங்க சார்."

கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற நேரம், யோசித்துப் பேசச் சொன்னார் சிவப்பிரகாசம்.

"அதையும் யோசிச்சிகினுதான் சார் பேசறேன்."

சொல்லிவிட்டு மறுபடி அட்டவணையை எழுதத் தொடங்கினார். எனக்குத் தலை நிமிரவில்லை.

அடுத்த பருவத்துக்கு எங்கள் மைதானம் எழில்மதிக்குக் கிடைக்கவில்லை. ஞாயிறுதோறும் பஸ் ஏறி ஊர் ஊராகப் போய் வேறு இடம் கேட்டு வாங்கினார். எங்கள் அணியில் நாலு பேர் விலகினார்கள். மிச்சப் பேர் கீழ்ப் பிரிவில் ஆடப் போனோம். முதல் ஆட்டம் சேத்தியாத்தோப்புப் பக்கம் அறுவடை முடிந்த வயலில். ஊரே வரப்பில் நின்றுகொண்டு பார்த்தது. டவுன்ஷிப்பில் எங்களுக்கு அவ்வளவு கூட்டம் வந்ததே கிடையாது. அந்த வருஷம் உயிரைக் கொடுத்து ஆடி மேலே ஏறினோம்.

எழில்மதியின் கான்ட்ராக்டில் சிவப்பிரகாசம் கை வைக்கவில்லை; அது வழக்கம்போலப் புதுப்பிக்கப்பட்டது. அப்படிப் பேசியது தப்பு என்று என்னிடம் ஒப்புக்கொண்டார். பிறகு எழில்மதியிடமே போய்ச் சொன்னார். மைதானத்தையும் அவரே பேசித் திறந்துவிட்டார்.

இப்போது பதினான்கு அணிகள், மூன்று பிரிவுகள். இரண்டு பருவத்து முடிவுகளையும் சேர்த்து எழில்மதி கூட்டமைப்புக்குத் திரும்ப எழுதியிருக்கிறார். பதில் இன்னும் இல்லை. போன வாரம் பஸ்ஸில் பார்த்தேன். "பெண்கள் அணிங்களயும் சேர்க்க மூணு ஊர்ல பேசி முடிச்சாச்சு, நாலாவது ஊருக்குப் போய்க்கினு இருக்கேன்" என்றார்.