அக்காவின் கடிதங்களைத் திருத்தியவன் எழுதுவது

அன்பான உறவினர்களே, சபையாரே! அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கிற எல்லாருக்கும் அவர்களுடைய தம்பியின் ஸ்தோத்திரம். அட்டைப் படத்தைப் பார்த்து "உச்" கொட்டிவிட்டு மடித்துப் பைக்குள் வைத்துவிடாதீர்கள். உட்கார்ந்து முழுவதும் படியுங்கள். சாப்பாடு எங்கும் ஓடிப்போகாது.

அக்கா பம்மலில் பிறந்தார்கள். அப்பா தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். அந்தக் காலத்துப் பம்மலுக்குள் பஸ் நுழையும்போதே எல்லாரும் மூக்கைப் பொத்துவார்கள். அக்கா பொத்தியதில்லை. "இந்த நாத்தம்தான்டா நமக்குச் சோறு போடுது" என்பார்கள். பிறகு நர்ஸ் படிப்பு முடித்துத் தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். மற்றவர்கள் கிட்டே போகத் தயங்குகிற சீழ்ப்புண்ணை அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே துடைத்துக் கட்டுவார்கள். முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. ஆனால் யாராவது பொய் சொல்லிக் கேட்டுவிட்டால் போதும், வேப்பங்காயைக் கடித்த மாதிரி முகம் கோணிவிடும். அந்த முகத்துக்கு நான் சின்ன வயதிலிருந்தே பயப்படுவேன்.

நாற்பது வயதை நெருங்கும்போது, ஆப்பிரிக்காவில் மலாவி என்கிற நாட்டில் ஏரிக்கரை ஊர் ஒன்றின் சின்ன மருத்துவமனைக்கு ஆள் தேவை என்று சபைக்குச் செய்தி வந்தது. அக்கா கை தூக்கினார்கள். அத்தை தலையில் அடித்துக்கொண்டார்கள். "கல்யாணம் கட்டிக்க வேண்டிய பொண்ணுடி நீ! தனியா அங்க போய் என்ன பண்ணுவ?" என்று கேட்டார்கள். அக்கா சிரித்துக்கொண்டே, "இங்க பக்கத்துல செம்பாக்கத்துலயும் ஏரிதான் அத்த, அங்கயும் ஏரிதான். என்ன, அது கொஞ்சம் பெருசு" என்றார்கள். சபையார் மாலை போட்டு, தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்பினோம். அழகழகாகப் படம் எடுத்துக்கொண்டோம். அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

அங்கிருந்து அக்கா மாதம் ஒரு ஜெபக் கடிதம் எழுதுவார்கள். அதை மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனையில் வாசிப்பது எங்கள் சபை வழக்கம். சபைப் பத்திரிகையிலும் அச்சாகும்; அது மலாவி வரைக்கும் போகாது. நான் தமிழாசிரியர் என்பதால், கடிதத்தில் தமிழைச் சரிபார்த்துக் கொடுக்கும் பொறுப்பை மிஷனரி கமிட்டி என்னிடம் ஒப்படைத்தது. கூடப் பிறந்தவன் வேறு, கேட்கவா வேண்டும்!

இரண்டாம் வருடக் கடிதம் ஒன்றில் அக்கா இப்படி எழுதியிருந்தார்கள்: "கிணறு வற்றிவிட்டது. ஏரித் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சிக் குடிக்கிறோம். எனக்கு இரண்டு தடவை மலேரியா வந்துவிட்டது. இன்னொரு நர்ஸை அனுப்பாவிட்டால் என்னால் தாக்குப்பிடிக்க முடியாது."

கமிட்டிச் செயலாளர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பிரதர், அக்கா ரொம்பச் சோர்ந்துபோய் எழுதியிருக்காங்க. இத அப்படியே படிச்சா ஜனங்களோட விசுவாசம் குறைஞ்சிடும். கொஞ்சம் ஜெயமா மாத்திக் குடுங்களேன்."

மாற்றிக் கொடுத்தேன். "வறண்ட நிலத்திலும் வற்றாத கிருபை, வாடிய வேளையிலும் வாடாத விசுவாசம்" என்று எழுதினேன். நர்ஸ் கேட்டது காணாமல் போயிற்று. வாசித்து முடித்ததும் சபை முழுக்க அல்லேலூயா. வெளியே வந்து நாலு பேர் என் கையைக் குலுக்கினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சீ!

அதற்கப்புறம் பழகிப்போயிற்று. பசி என்று எழுதினால் உபவாசம் என்று மாற்றுவேன். தனிமை என்று எழுதினால் தியானம் என்று மாற்றுவேன். அக்கா ஊரில் இருந்தபோது ஒரு வரி பொய் சொல்லத் துணியாத நான், அவர்கள் பெயரைப் போட்டே வருடக்கணக்கில் பொய் எழுதினேன்.

பதினோராம் வருடம் அந்தக் கடிதம் வந்தது. "இடது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. பெரிதாகிக்கொண்டே வருகிறது. நான் நர்ஸ், எனக்குத் தெரியும். எனக்குப் பதிலாக ஒருவரை உடனே அனுப்புங்கள், ஊருக்கு வந்து காட்டிக்கொள்கிறேன். இங்கே பிரசவத்துக்கு நாள் நெருங்கிய பெண்கள் இருக்கிறார்கள். ஆள் வராமல் அவர்களை விட்டுவிட்டு வர எனக்கு மனசில்லை."

நேரே செயலாளரிடம் ஓடினேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். "கர்த்தர் பாத்துக்குவார் பிரதர். ஊழியக்காரங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அடுத்த கமிட்டில பேசுவோம்" என்றார். நான் "ஆமென்" என்றேன். ஆமென்! அந்த வாயிலேயே செருப்பால் அடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, "சரீரத்தில் சிறு பலவீனம், சேவையிலோ சோர்வில்லை" என்று எழுதினேன். என் அக்காவின் நெஞ்சில் இருந்த கட்டிக்கு நான் மோனை பார்த்துக்கொண்டிருந்தேன், ஐயா! சபையும் அந்த "சிறு பலவீனத்துக்காக" இரண்டு நிமிடம் ஜெபித்துவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டது.

பதில் ஆள் போய்ச் சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அக்கா விமான நிலையத்தில் வெளியே வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. டாக்டர், "ஏன் சார் இவ்வளவு லேட்டா கூட்டிட்டு வந்தீங்க?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

கமிட்டிக்கோ அடுத்த ஞாயிறே அக்கா மேடையில் சாட்சி சொல்ல வேண்டுமாம். இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க அக்கா ஏறி நின்றார்கள். "என் லெட்டரையெல்லாம் நீங்க கேட்டிருப்பீங்க. கட்டி இருக்குன்னு எழுதினேன். ஏன் யாரும் ஒண்ணுமே பண்ணல?" என்று கேட்டார்கள். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள். சபையார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். செயலாளர் மெதுவாக மைக்கை வாங்கி ஒரு துதிப் பாட்டைத் தொடங்கிவிட்டார். எல்லாரும் எழுந்து கைதட்டிப் பாடினோம். நானும்தான்.

அன்று மத்தியானம் வீட்டில் அக்கா பழைய பத்திரிகைகளைக் கேட்டார்கள். நான் அவற்றைப் பைண்டு செய்து கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தேன், பெருமைக்கு. ஒவ்வொரு பக்கமாகப் படித்தார்கள். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்கள்.

"யாருடா இந்த அம்மா? பசியே எடுக்காதாமே, சோர்வே வராதாமே! எனக்கே அவங்கள ஒரு தடவ பாக்கணும் போல இருக்கு. யாரு எழுதினது?"

"நான்தாங்க்கா."

வேப்பங்காய் கடித்த அந்த முகம் என் பக்கம் திரும்பியது. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் அவர்களாகவே சொன்னார்கள்: "கர்த்தர் பாத்துக்குவார்னு நான் சொல்லலாம்டா. ஏரித் தண்ணியக் குடிச்சவ நான். ஃபேனுக்கு அடியில உக்காந்துகிட்டு நீங்க சொல்லக்கூடாது."

"இன்னும் அவர நம்புறீங்களாக்கா?"

"அவர நம்புறதுக்கு என்ன? அவரா என் லெட்டர மாத்தினாரு?"

வலி மிகுந்த நாட்களிலும் அக்கா காலை ஜெபத்தை விடவில்லை. மலாவி ஊர்ப் பெண்கள் போனில் கூப்பிட்டுப் பாடுவார்கள். அக்கா அவர்கள் பாஷையில் கூடவே முணுமுணுப்பார்கள். தன் இடத்துக்குப் போயிருக்கிற கேளம்பாக்கத்துப் பெண்ணைப் பற்றித்தான் ஓயாமல் கவலை. "சின்னப் பொண்ணுடா அது, பயந்த சுபாவம். அது எழுதற லெட்டர்ல ஒரு வார்த்தகூட யாரும் கை வைக்கக் கூடாது. பாத்துக்கோ" என்றார்கள். அதுதான் என்னிடம் கடைசியாகக் கேட்டது. இரண்டு நாள் கழித்துக் கர்த்தருக்குள் கண் மூடினார்கள்.

அடக்க ஆராதனையில், "ஒருபோதும் குறை சொல்லாத ஊழியக்காரி" என்று பிரசங்கித்தார்கள். அடப்பாவிகளா! குறையைச் சொல்லித்தானே பன்னிரண்டு வருடம் எழுதினார்கள்!

மறுவாரமே கமிட்டிக்குப் போய், இனி கடிதங்களை உள்ளபடியே வாசிக்க வேண்டும் என்றேன். "துக்கத்துல இருக்கீங்க பிரதர், ரெஸ்ட் எடுங்க" என்று பொறுப்பை வாங்கி வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் என்னைவிட நன்றாகத் தமிழ் எழுதுகிறார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். தினமும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து அக்காவுக்கு ஊட்டிய பக்கத்து வீட்டுப் பாயம்மாவுக்கு நன்றி. "அம்மாவ குலுங்காம இட்டுகினு போறேன் சார், நீ பேஜாராவாத" என்று சொல்லி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் வேகத்தைக் குறைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன பம்மல் ஆட்டோக்கார அண்ணனுக்கு நன்றி. போனில் பாடிய அந்த ஊர்ப் பெண்களுக்கு நன்றி. மிஷனரி கமிட்டிக்கு நன்றி சொல்ல இந்தப் பக்கத்தில் இடம் விட்டு வைக்கச் சொன்னார்கள். எனக்கு எழுத வரவில்லை, மன்னிக்கவும்.

இந்த மலரை அச்சுக்குக் கொடுக்கும் முன் இன்னொன்றும் செய்தேன். போன மாதப் பத்திரிகையில் கேளம்பாக்கத்துப் பெண்ணின் கடிதம் "கிருபையின் மழையில் நனைகிறேன்" என்று தொடங்கியிருந்தது. எனக்குத் தெரியாத கைவேலையா இது! நானே அவளுக்குப் போன் போட்டேன். அக்காவின் தம்பி பேசுகிறேன் என்றேன்.

"எப்படிம்மா இருக்க? உண்மையச் சொல்லு."



"நாலு மாசமா எழுதிக்கிட்டேதானே அண்ணா இருக்கேன்," என்றாள். "அங்க யாருக்கும் வந்து சேரலையா?"