நின்ற இடத்தில் ஒரு சுற்று

பூமி தன் அச்சில் சுழல்வது வேறு, சூரியனைச் சுற்றி வருவது வேறு என்று மலேசியாவில், கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் வருஷா வருஷம் சொல்லிக் கொடுக்கிறேன். முதலாவது நின்ற இடத்திலேயே நடக்கும். அடுத்தது இடம் விட்டு இடம் போகும். பிள்ளைகள் இரண்டையும் குழப்பினால் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். அந்தக் கோபத்தைக் கோயிலுக்கும் எடுத்துக்கொண்டு போனதுதான் வினை.

ஒரு சனிக்கிழமை காலை. நவக்கிரக சன்னிதியில் எள் விளக்குக் கூட்டம். ஒன்பது சுற்று சுற்ற வந்தவர்கள் நகர முடியாமல் முட்டிக்கொண்டு நிற்கிறோம். பாதையின் நட்டநடுவே, அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா, கைகூப்பியபடி தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு சுற்று, தூண் பக்கம் ஒரு பார்வை. மறுபடி ஒரு சுற்று.

"ஆன்டி, நின்ன எடத்துலயே சுத்துனா எப்படி? நவக்கிரகத்த சுத்தி வரணும் லா. பின்னால எத்தன பேரு நிக்கிறாங்க, கண்ணு தெரியலயா?"

"இல்லம்மா, நான் இங்கேயே..."

"இதுகூட தெரியாமலா கோயிலுக்கு வர்றீங்க?"

வகுப்பறைக் குரல். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள், ஒருவர் சிரித்தே விட்டார். அந்தம்மாவின் முகம் செத்துப்போனது. தூணை இன்னொரு முறை பார்த்துவிட்டு, தலையைக் குனிந்தபடி எல்லோரோடும் நடக்க ஆரம்பித்தார். ஜெயித்துவிட்ட திருப்தியில் நான் பின்னால் போனேன்.

அந்த நெரிசலில் சன்னிதியின் பின்பக்கம் போய்த் திரும்ப ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். வந்ததும் அவர் அலறினார். "ஐயோ, அவர காணோமே!" தூணடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காலியாகக் கிடந்தது.

அவருடைய கணவர். ஞாபகம் தப்பிப்போனவர். யாரும் பார்க்காவிட்டால் எழுந்து போய்விடுவாராம். பெயர் கேட்டால்கூடச் சொல்லத் தெரியாது. நின்ற இடத்தில் சுற்றினால் சுற்றுக்கு ஒரு முறை அவர் கண்ணில் படுவார். சன்னிதியைச் சுற்றப் போனால் மறைந்துவிடுவார். இதை அந்தம்மா அழுதுகொண்டே சொன்னபோது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்தம்மாவிடம் அடையாளம் கேட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். காவலுக்கு இருந்தவரிடம், "அண்ணே, வெள்ள சட்ட, வேட்டி, வயசானவரு ஒருத்தரு போனாரா?" என்றேன்.

"இப்பதான் ரோட்டுப் பக்கம் போனாரு டீச்சர்."

செருப்பைத் தேடவில்லை. லோரியும் பஸ்ஸுமாகப் பறக்கிற சாலையில், நடுத்திட்டின் மேல் நின்றுகொண்டிருந்தார், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல். குறுக்கே ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். மறுக்காமல் கூட வந்தார். வெயிலில் அவர் பாதம் சிவந்திருந்தது.

கோயிலில் ஆளாளுக்கு என்னைப் பாராட்டினார்கள். "நல்லவேள, டீச்சர் இருந்தாங்க," என்றார் அப்போது சிரித்த அதே ஆள். 'என்னால்தான் போனார்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயே திறக்கவில்லை. இதை எழுதும்போதும் கூசுகிறது.

அந்தம்மாவாவது சொல்லியிருக்கலாம். அவரும் சொல்லவில்லை. கணவரின் பாதத்தைத் துண்டால் துடைத்துவிட்டு நிமிர்ந்தவர், "டீச்சர்தாங்க உங்கள கூட்டியாந்தாங்க. கும்புடுங்க," என்றார். வகுப்பில் வணக்கம் சொல்லும் பிள்ளைகளைப் போல அந்தப் பெரியவர் இரண்டு கைகளையும் கூப்பினார். நானும் தலையாட்டி அதை வாங்கிக்கொண்டேன்.