கொல்லிமலைக்குக் கிளம்பிய கேரவன்

எனக்குச் சந்தேகப் புத்தி. கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதாலேயே எனக்கு அதிலும் சந்தேகம்.

அவருக்கு ரிக் தொழில். போர்வெல் லாரியோடு வடக்கே போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். அப்படிப்பட்டவர் திருச்செங்கோட்டு வீட்டில் சாவகாசமாக உட்கார்ந்து, "புள்ளைக்கு லீவுதான, கேரவன்ல கொல்லிமலை போய்ட்டு வரலாம்" என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேரவன் அவருடைய நண்பருடையது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். பழைய வேன் ஒன்றில் கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் வைத்துத் தானே கட்டியிருந்தார். அவர், அவர் மனைவி, ஒன்பது வயதில் ஒரு மகள். நாங்கள் இரண்டு பேர், எங்கள் ஆறு வயது மகள். இவ்வளவுதான் கூட்டம்.

கிளம்பிய அன்று காலையில் கொல்லிமலை ஏற்காடாகிவிட்டது. "வண்டி நீளமுங்க தங்கச்சி, கொல்லிமலை வளைவுல திரும்பாது" என்றார் நண்பர். டேப் பிடித்து அளந்து கட்டியவருக்கு வண்டியின் நீளம் அன்றைக்குத்தான் தெரிந்ததாம். அதை நான் மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன். 

அது ஒன்றுதானா? போன மாதம் பேன் தொல்லை என்று சொல்லி, இடுப்பு வரை இருந்த மகளின் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக் கூட்டி வந்தார். தினமும் தலை வாரிவிடுகிற நான் ஒரு பேனைப் பார்த்ததில்லை. கேரவனில் மேல்கட்டிலை அவளுக்குக் கொடுத்து, "தனியாப் படுத்துப் பழகட்டும்" என்றார். எதற்குப் பழக வேண்டும்? ஸ்வெட்டர் வேறு இரண்டு வாங்கியிருந்தார். இரண்டும் கருநீலம்.

சேலத்தில் அஸ்தம்பட்டி தாண்டி மலையேறினோம். ஒவ்வொரு வளைவிலும் தக்காளிக் கூடை கவிழ்ந்தது. என் மகள் சிரித்துக்கொண்டே தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கினாள். நண்பரின் மகள் மட்டும் சிரிக்காமல் போர்வையை மூலை பிடித்து மடித்துக்கொண்டிருந்தாள். ஏற்காட்டில்தான் இரண்டு வருடமாக விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

"ஆஸ்டல் எப்படி இருக்குது சாமி?" என்றேன்.

"நல்லா இருக்குதுங்க அத்தை."

"ராத்திரியில அம்மா ஞாபகம் வராதா?"

அவள் தன் அம்மாவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "நல்லா இருக்குதுங்க."

கேட்டதற்கு அது பதிலே இல்லை. அவள் அம்மாவோ பூரித்துப்போய், "எங்க புள்ள ஒரு நாளும் அழுததில்லீங்க" என்றாள்.

பாதி மலையில் இஞ்சின் சூடாகிவிட்டது. ஓரம் கட்டினார்கள். ரேடியேட்டரைப் பார்க்கிற சாக்கில் ஆண்கள் இருவரும் கிசுகிசுத்தார்கள். நான் பக்கத்தில் போனதும் பேச்சு நின்றது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல புள்ள, தண்ணி ஊத்தோணும்."

தண்ணீர் ஊற்ற எதற்குக் கிசுகிசு? உள்ளே ஏறி மகளை மடியில் இழுத்துக்கொண்டேன். "நாம எங்க போறோம் கண்ணு?"

"ஏரிக்குங்கம்மா. போட்டுல போறோம்."

"வேற எங்கயும் போறமா?"

"இல்லீங்கம்மா."

என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். நெஞ்சுக்குள் இருந்த பாரம் இறங்கியது. உலகத்திலேயே நான் சந்தேகப்படாத ஆள் அவள் ஒருத்திதான். மனுஷனைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று வெட்கமாகிப் போய், அவருக்கு இரண்டு முறுக்கு எடுத்துக் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கித் தின்றார்.

மேலே போனதும் வண்டி ஏரிப் பக்கம் திரும்பவில்லை. நண்பரின் மகள் படிக்கும் பள்ளியின் கேட் முன்னால் போய் நின்றது.

"சும்மா பாத்துட்டுப் போலாம்" என்றார் என் வீட்டுக்காரர். "நானும் ஊட்டுல இருக்கறதில்ல. நீ ஒருத்தியா எத்தனையத்தான் பாப்ப?"

மேல்கட்டிலிலிருந்து என் மகள் இறங்கி வந்தாள். கருநீல ஸ்வெட்டரை அதற்குள் போட்டிருந்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியுமுங்கம்மா. சொன்னா நீங்க அழுவீங்கன்னு அப்பா சொன்னாங்க." ஸ்வெட்டர் கையால் என் கன்னத்தைத் துடைத்தாள். "நான் நல்லா இருப்பேனுங்கம்மா."

"பாத்தியா, எத்தன பக்குவம்!" என்றார் அவர்.

ஆறு வயதுக் குழந்தை, நான் அழக் கூடாதென்று என் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறாள். நானும் நம்பியிருக்கிறேன். நாளைக்குக் காய்ச்சலில் கிடந்தாலும் போனில் "நல்லா இருக்கேனுங்கம்மா" என்றுதான் சொல்வாள். அதையும் நம்பிக்கொண்டு நான் திருச்செங்கோட்டில் சோறு தின்றுகொண்டிருப்பேன்.

"வண்டியத் திருப்புங்கண்ணா" என்றேன். யாரும் அசையவில்லை. எழுந்துபோய்க் கேரவன் கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினேன்.

போர்வையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்த நண்பரின் மகள் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"நல்லா அழுத்திப் போடுங்க அத்தை. அது கழண்டுக்கும்."